தெற்கு வாசலில் தொடங்குங்கள்: சுவான்சோ பழைய நகரில் ஒரு நடை

சுவான்சோவுக்குப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு தூண்களைப் பார்க்கத்தான் போகிறோம். சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்குள்ள கையுவான் என்ற பெரிய பௌத்தக் கோயிலில், முக்கிய மண்டபத்தின் பின்பக்கம், நரசிம்மரையும் கண்ணனையும் செதுக்கிய இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. காரில் வந்து இறங்கி, தூணைப் படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பௌத்தக் கோயிலில் அந்தத் தூண்கள் எப்படி வந்து நின்றன என்பது ஊரை நடந்து பார்த்தால்தான் பிடிபடும். அதிலும் தெற்கிலிருந்து வடக்கே நடக்க வேண்டும். கப்பலில் வந்தவர்கள் ஊருக்குள் நுழைந்த வழி அதுதான்.

சொங், யுவான் அரசுகளின் காலத்தில், அதாவது 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை, உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இது இருந்தது. அரபு வணிகர்கள் சைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் அந்தப் பெயரில்தான் எழுதியிருக்கிறார்கள். அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் சைத்தூனுக்கு நூறு கப்பல் வருகிறது என்பது மார்க்கோ போலோவின் கணக்கு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் அந்த மிளகில் ஒரு பகுதி நம் மேற்குக் கரையிலிருந்து போனது. 2021இல் இந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து 22 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பு சீனாவுக்குள்ளேயே இங்கே சுற்றுலா வந்தவர்கள் குறைவு. இப்போது விடுமுறை நாட்களில் மேற்குத் தெருவில் கால் வைக்க இடம் இருப்பதில்லை.

புறப்படும் முன் சில விஷயங்கள். முதலில் ஊர்ப் பெயர். குவாங்சோ வேறு, சுவான்சோ வேறு. ஆங்கிலத்தில் இரண்டு பெயருக்கும் எழுத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். ரயில் செயலியில் அவசரமாகத் தேடினால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அழுத்திவிடுவீர்கள், இரண்டுக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர். ஊர், கோயில், தெரு, விடுதி எல்லாவற்றின் பெயரையும் சீன எழுத்தில் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்சி ஓட்டுநரிடம் காட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. ஷியாமென் நகரிலிருந்து அதிவேக ரயிலில் வந்தால் அரை மணி நேரம்தான். டிக்கெட் கடவுச்சீட்டு எண்ணோடு பதிவாகும், நிலையத்துக்குள் நுழைய அந்தக் கடவுச்சீட்டையே காட்ட வேண்டும், அதனால் அதை விடுதியில் வைத்துவிட்டு வர முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் 30 நாள் வரை விசா வேண்டாம்.

பணம் எல்லாம் போனில்தான். அலிபே செயலியில் நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைச் சேர்க்க முடியும். இதை ஊரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். வங்கியிலிருந்து வரும் ஓடிபி அங்கே போனபின் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கைச்செலவுக்குச் சில்லறை யுவானும் இருக்கட்டும், கோயில் வாசலில் பூ விற்கும் பாட்டிகளுக்கு உதவும். கூகுள் மேப் அங்கே பயன்படாது. அமேப் என்ற உள்ளூர் வரைபடச் செயலி சந்து பொந்தெல்லாம் காட்டும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழிக் கோப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் சமாளிக்கலாம். விடுதி விஷயத்தில் ஒன்று: பழைய வீட்டை மாற்றிய சின்ன விடுதிகள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைப் பதிவு செய்யத் தெரியாத இடங்களும் அவற்றில் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். என்னோடு வந்த தோழிக்கு ஓரிடத்தில் இரவு பத்து மணிக்கு அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காசு திரும்ப வந்தது, ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு வேறு விடுதி தேட வேண்டியிருந்தது.

அந்தத் தோழி பினாங்குக்காரர், சீன வம்சாவளி. அவருடைய முன்னோர் கிளம்பிய பகுதி இது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஹொக்கியன் என்று சொல்லும் மொழிதான் இங்கே வீட்டு மொழி. அவர் அதில் வாயைத் திறந்ததும் கிழவர்கள் கிழவிகள் எல்லாரும் முகம் மலர்ந்து பேசினார்கள். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களில் கொஞ்சம் ஹொக்கியன் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். தயங்காமல் பேசிப் பாருங்கள்.

சரி, நடைக்கு வருவோம். காலை ஏழு மணிக்கு ஜின் ஆற்றங்கரையில் தொடங்கினோம். ஆற்றை ஒட்டி இருக்கும் ஜூபாவ் தெருவில்தான் அந்தக் காலத்து வெளிநாட்டுச் சரக்குகள் கைமாறின. இப்போது அமைதியான குடியிருப்புப் பகுதி. வாசலில் காய் நறுக்குகிறார்கள், ஒரு தாத்தா குட்டிக் கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சாப்பிட்டாச்சா என்று எங்களைக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு கோப்பையை நகர்த்தி வைத்தார். தியேகுவான்யின் தேநீர். அது விளையும் அன்சி வட்டாரம் இந்தச் சுவான்சோவைச் சேர்ந்ததுதான்.

அங்கிருந்து சில நிமிட நடையில் தெஜி வாசல். ஊரின் தெற்குக் கோட்டை வாசல் இது. 1230இல் கட்டப்பட்டது. இப்போது மிஞ்சியிருப்பது அடித்தளம் மட்டும், தெருவின் மட்டத்துக்குக் கீழே, வேலி போட்ட ஒரு பெரிய பள்ளமாகத் தெரியும். நிறையப் பேர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நின்று பாருங்கள். 2001இல் இங்கே தோண்டியபோது வெவ்வேறு மதங்களைச் சேர்ந்த செதுக்குக் கற்கள் கிடைத்தன. இடிந்த கோயில், பள்ளிவாசல், கல்லறை எல்லாவற்றின் கற்களையும் கோட்டைச் சுவருக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நடையின் கடைசியில் பார்க்கப்போகும் தூண்களின் கதை இந்தப் பள்ளத்தில்தான் ஆரம்பிக்கிறது.

எதிரிலேயே தியன்ஹோ கோயில். கடலோடிகளைக் காக்கும் மாசு என்ற பெயருள்ள அம்மனுக்கு 1196இல் எழுப்பியது. கப்பல் ஏறும் முன் கும்பிட்டுப் போவதும், பத்திரமாகத் திரும்பினால் வந்து நன்றி சொல்வதும் வழக்கம். இங்கிருந்து கப்பலேறிய மக்கள் போன இடமெல்லாம் இந்த அம்மனைக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவுக்கு அருகில் இருக்கும் தியான் ஹொக் கெங் கோயிலும் இவளுக்குத்தான். அந்தத் தெருவில் நடந்து பழகியவர்களுக்கு இந்தக் கூரைகள் அந்நியமாகத் தெரியாது. கூரை முகட்டின் இரண்டு முனையும் வளைந்து மேலே எழும்பி, கத்தரிப் பிளவாக முடியும்.

இங்கிருந்து வடக்கே போவது சுங்ஷான் சாலை. 1920களில் கட்டிய கடைவீதி. மாடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, கீழே தூண் வரிசை கொண்ட நடைபாதை. மழையானாலும் வெயிலானாலும் கவலையில்லாமல் நடக்கலாம். வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள் அனுப்பிய பணம் இந்த வீதியில் நிறைய இருக்கிறது. நான் இங்கே அதிகம் நிற்கவில்லை, நேராகத் தூமென் தெருவுக்குத் திரும்பினேன்.

தூமென் தெருவுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். போர்வீரத் தெய்வமான குவான்தியின் கோயிலும் சிங்ஜிங் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவே சில அடிகள்தான். குவான்தி கோயிலில் விடிந்ததிலிருந்து ஊதுவத்திப் புகை. பரீட்சை, கல்யாணம், கடை திறப்பு என்று எல்லாவற்றுக்கும் இங்கே வந்து கேட்கிறார்கள். பிறை வடிவில் இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டு, ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சாமி சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் மனநிலை ஒன்றுதான். படம் எடுக்கும் முன் கையைக் காட்டிக் கேளுங்கள், கேட்டால் மறுப்பதில்லை. சாமி கும்பிடுகிறவர் முகத்துக்கு நேராக மட்டும் போனை நீட்ட வேண்டாம்.

பள்ளிவாசலின் வாசல் உயரமான கூர் வளைவு, முழுக்கக் கல். உள்ளே இருக்கும் அரபுக் கல்வெட்டு, ஹிஜ்ரி 400இல், அதாவது 1009 வாக்கில் இது கட்டப்பட்டது என்றும், முந்நூறு ஆண்டு கழித்து ஈரானின் ஷிராஸ் நகரைச் சேர்ந்தவர் ஒருவர் புதுப்பித்தார் என்றும் சொல்கிறது. தொழுகைக் கூடத்துக்கு இப்போது கூரை இல்லை. சுவரும், அதில் செதுக்கிய குர்ஆன் வசனங்களும், மேலே திறந்த வானமும்தான். உள்ளேயே ஒரு சீனக் கல்வெட்டு இருக்கிறது. 1407இல், யுவானுக்கு அடுத்து வந்த மிங் அரசின் யோங்லே பேரரசர் போட்ட உத்தரவு, முஸ்லிம்களை யாரும் துன்புறுத்தக் கூடாது என்று. கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துக் கோயிலிலிருந்து ஊதுவத்தி வாசம் வந்துகொண்டே இருந்தது. இந்த ஊரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒன்றை ஒன்று தள்ளிவிடாமல் பல நூறு ஆண்டு பக்கத்தில் இருந்திருக்கின்றன. எப்போதும் அப்படி இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது பின்னால் வருகிறது.

கன்பூசியஸ் கோயிலின் முற்றம் விசாலமானது. பகலில் சுற்றிவிட்டு, இரவு நேரத்தில் மறுபடி வந்து பாருங்கள். நான்யின் என்ற பழைய இசையை அந்தப் பக்கம் கேட்கலாம். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. பிப்பா என்ற நரம்பு வாத்தியத்தைச் சீனாவின் மற்ற ஊர்களில் நிமிர்த்திப் பிடிப்பார்கள், இங்கே மடியில் படுக்க வைத்து வாசிக்கிறார்கள். பாட்டு மிக மெதுவாகப் போகும். பத்து நிமிடம் பொறுத்துக்கொண்டால் எழுந்துபோக மனம் வராது.

மறுபடி சுங்ஷான் சாலையில் ஏறி வடக்கே போனால், நாற்சந்தியில் வெள்ளை மணிக்கூண்டு. 1934இல் கட்டியது. அங்கே இடப்பக்கம் திரும்பினால் மேற்குத் தெரு. பால் தேநீர்க் கடை, பரிசுப் பொருள் கடை, தலை நிறையப் பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் இளம்பெண்கள் என்று கூட்டம் நெரியும். கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சரம் சுற்றுவது, ஊருக்கு வெளியே கடலோரத்தில் இருக்கும் ஷுன்பு கிராமத்துப் பெண்களின் வழக்கம். அவர்கள் வைப்பதில் மல்லிகையும் உண்டு. இப்போது அது நாடு முழுக்கப் பிரபலமாகி, தெருவுக்குப் பத்துக் கடை வந்துவிட்டது. எனக்கு அந்தக் கூட்டம் தொந்தரவாகப் படவில்லை. ஆனால் பிரதான தெருவில் மட்டும் நடந்துவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டு பக்கமும் சந்துகள் பிரிகின்றன. அதில் நுழைந்து பத்தடி போனால் சத்தம் அடங்கிவிடும். செங்கல்லும் கருங்கல்லும் ஒழுங்கில்லாமல் கலந்து கட்டிய சுவர்களைக் காண்பீர்கள். 1604இல் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, இடிபாட்டில் கிடைத்ததை வைத்தே மறுபடி கட்டியதில் பிறந்த முறை என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். சந்துகளில் ஒரு எச்சரிக்கை: மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வரும். மழை பெய்திருந்தால் கருங்கல் தளம் வழுக்கும், பிடிப்புள்ள செருப்போ ஷூவோ வேண்டும்.

சாப்பாடு. காலையில் மியன்சியன் ஹூ. மிக மெல்லிய நூடுல்ஸைக் கரையக் கரைய வேகவைத்த கஞ்சி, மேலே நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் பன்றிக் குடலும் இறைச்சியும்தான். சிப்பி சேர்த்த முட்டை அடை, இஞ்சி போட்டுச் சமைத்த வாத்து இரண்டும் இங்கே பெயர் பெற்றவை. கடல் புழுவை உறைய வைத்துச் செய்யும் ஜெல்லியும் உண்டு. தோழி ஆசையாகச் சாப்பிட்டார், எனக்கு மனம் வரவில்லை. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். 'வோ ச்சி சூ', நான் சைவம், என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும், ஏனென்றால் பௌத்த சைவம் இங்கே பழகிய விஷயம். ஆனால் கஞ்சியின் அடிச்சாற்றில் எலும்போ இறாலோ இருக்கும், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். வேர்க்கடலைப் பாயசமும், உள்ளே வேர்க்கடலைத் தூளும் சர்க்கரையும் வைத்து மடிக்கும் தடித்த அடையும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சாப்பிடக்கூடியவை.

மேற்குத் தெருவில்தான் கையுவான் கோயில். 686இல் தொடங்கியது. வாசலில் ஒரு ஈரடி: இந்த இடத்தை அந்நாளில் புத்தரின் நாடு என்றார்கள், தெரு முழுக்க ஞானிகள் என்று பொருள். சொங் காலத் தத்துவ அறிஞர் சூ ஷி எழுதியதாகச் சொல்லப்படும் அதை, 1942இல் இந்த ஊரில் மறைந்த ஹொங்யி துறவி தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். உள்ளே இருபுறமும் இரண்டு கல் கோபுரங்கள். மேற்கில் இருப்பது 1237இலும் கிழக்கில் இருப்பது 1250இலும் முடிந்தன. எண்பட்டை, ஐந்து நிலை, கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 48 மீட்டர். முழுக்கக் கல்லாக இருந்தும் 1604 நிலநடுக்கத்தைத் தாங்கி நிற்கின்றன. மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் குரங்கு முகத்தோடு ஒரு வீரன் இருக்கிறான். அவனை அனுமனோடு சேர்த்துப் பேசும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கீழிருந்து சரியாகத் தெரியாது, போன் கேமராவை ஜூம் செய்து தேடுங்கள்.

மண்டபத்துக்குள் போகும் முன், அதன் முன்மேடையின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். சிங்க உடலும் மனித முகமுமாகப் பச்சை கலந்த கருங்கல்லில் வரிசையாகப் பலகைகள். பக்தர்கள் எல்லாரும் மேலே புத்தரைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள், இவற்றைக் கவனிப்பவர் குறைவு. பின்பக்கத் தூண்கள் வந்த அதே இடிந்த இந்துக் கோயிலிலிருந்துதான் இவையும் வந்தன என்று கருதுகிறார்கள். மண்டபத்துக்குள் நிமிர்ந்தால், கூரையைத் தாங்கும் கைகளாக இறக்கை உள்ள 24 பெண்கள். இசைக்கருவியோ படையல் தட்டோ ஏந்தியிருக்கிறார்கள்.

இனி பின்பக்கம். அது வடக்குப் பார்த்த தாழ்வாரம், எந்நேரமும் வெளிச்சம் குறைவு. காலை நேரமே நல்லது, ஒன்பது மணிக்கு மேல் குழுக்கள் வரத் தொடங்கிவிடும். இரண்டு தூணும் பதினாறு பட்டை. ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் சதுரமாக்கி, நான்கு பக்கமும் வட்டத்துக்குள் உருவம் செதுக்கியிருக்கிறார்கள். ஆக மொத்தம் 24 வட்டங்கள். இரணியனை மடியில் போட்டு வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மரைப் பார்த்த உடனே தெரியும். இன்னொன்றில் மரத்தில் ஏறி உட்கார்ந்த கண்ணன், கீழே ஆடையைக் கேட்டுக் கை நீட்டும் பெண்கள். உரலில் கட்டுண்ட குழந்தைக் கண்ணன் இரண்டு மரத்துக்கு நடுவே தவழ்கிறான். யானையின் காலைப் பிடித்த முதலையும் இருக்கிறது. சில வட்டங்களில் சீனப் பூக்களும் பறவைகளும். வேலை தெரிந்த சீனக் கல்தச்சர்கள், நம் பக்கத்துக் கதை தெரிந்த ஒருவர் சொல்லச் சொல்லச் செதுக்கியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெண்களின் முகமும் துணி மடிப்பும் அப்படி இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு சீனக் குடும்பத்துக்குத் தோழி மூலம் கண்ணன் கதையைச் சொன்னேன். அந்த வீட்டுப் பெண் குழந்தை நரசிம்மருக்கு ஏன் கோபம் என்று கேட்டது. பிரகலாதன் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த ஊரில் சிவன் கோயில் இருந்ததற்குத் தமிழிலேயே சாட்சி உண்டு. 1956இல் இங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், நம் கணக்கில் 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர், யுவான் பேரரசர் குப்லாய் கானின் ஆட்சியில், கானின் 'திருமேனிக்கு நன்றாக' என்று வேண்டி, அவருடைய பர்மான்படி, அதாவது அரசாணைப்படி, இறைவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. தமிழுக்குக் கீழே சீன எழுத்தும் ஒரு வரி இருக்கிறது. அந்தக் கோயில் நீடிக்கவில்லை. 1357 முதல் 1366 வரை இங்கே பெரும் கலகம் நடந்தது, யுவான் ஆட்சியும் கவிழ்ந்தது, வெளிநாட்டார் பலர் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் சிதறினார்கள். அவர்கள் கட்டிய கட்டடங்களின் கல் கோட்டைச் சுவருக்கும் பாலத்துக்கும் போனது. பின்னால் மிங் காலத்தில் இந்த மண்டபத்தைப் புதுப்பித்தபோது சில கற்கள் இங்கே வந்தன. காலையில் தெஜி வாசல் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது உடனே புரிந்துவிடும்.

1930, 40களில் கோட்டைச் சுவரை இடித்தபோது இந்தக் கற்கள் மறுபடி வெளியே வந்தன. அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தவர் வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர். அரபு, சிரியாக், தமிழ் என்று எந்த மொழி எழுத்து இருந்தாலும், கட்டட வேலைக்குப் போகவிருந்த கல்லைக் காப்பாற்றினார். அவர் இல்லாவிட்டால் நாம் பார்க்க வருவதில் பாதி இருந்திருக்காது. நம் ஊர்களிலும் பெயர் தெரியாத ஆசிரியர்கள் இப்படி நடுகல்லும் வீரக்கல்லும் காப்பாற்றியிருக்கிறார்கள், அவர்களையும் நினைத்துக்கொண்டேன்.

கோயில் வளாகத்திலேயே ஒரு பழைய கப்பலும் இருக்கிறது. 1974இல் ஹோசூ துறையில் சேற்றிலிருந்து எடுத்தது, சொங் காலத்து மரக்கப்பல். எஞ்சியிருப்பதே 24 மீட்டர் நீளம். குறுக்குப் பலகைகளால் 13 அறைகளாகப் பிரித்திருப்பதை நன்றாகப் பார்க்கலாம். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும். உள்ளே வாசனைக் கட்டை, மிளகு, பாக்கு, சோழி எல்லாம் கிடைத்தன. தூணைப் பார்த்த கையோடு இதையும் பாருங்கள்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரையும், மார்ச், ஏப்ரலும் நடக்க ஏற்ற காலம். கோடையில் புழுக்கமும் புயலும். அக்டோபர் முதல் வாரமும் மே முதல் வாரமும் தேசிய விடுமுறை, தவிர்த்துவிடுங்கள். கால் வலிக்கிறவர்களும் பெரியவர்களும் பழைய நகருக்குள் ஓடும் மின்சாரச் சிற்றுந்தில் ஏறிக்கொள்ளலாம்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் இரண்டு இடங்கள். ஒன்று, பழைய நகருக்குக் கிழக்கே இருக்கும் கடல்வழிப் போக்குவரத்து அருங்காட்சியகம். யானை ஒன்று லிங்கத்தை வணங்கும் சிற்பம் அங்கே இருக்கிறது, திருவானைக்கா தெரிந்தவர்கள் அதன் முன்னால் வெகுநேரம் நிற்பார்கள். சீனாவில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, 1053 முதல் 1059 வரை கட்டிய லுவோயாங் பாலம். தூண் கற்கள் பிரியாமல் இருக்க அடியில் சிப்பிகளை வளரவிட்ட பாலம் அது. அலை இறங்கியிருக்கும் நேரத்தை முன்பே பார்த்துவிட்டுப் போனால் அந்தச் சிப்பிகள் கல்லைக் கவ்வியிருப்பதை அருகிலிருந்து காணலாம். அலை ஏறியிருந்தால் தண்ணீர் மட்டும்தான் தெரியும்.